படபடப்பு மாத்திரை பற்றி

அன்புள்ள கண்ணா,

படபடப்புக்கு டாக்டர் அல்பிரசோலம் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னாய். அது கெட்ட மருந்து இல்லை. நெஞ்சு அடைத்துக்கொண்டு வரும்போது ஒரு மணி நேரத்துக்குள் ஆளை நிதானத்துக்குக் கொண்டுவந்துவிடும். அவ்வளவு சீக்கிரம் கேட்பதால்தான் கை மறுபடியும் அதையே தேடுகிறது.

மூளையை அடக்கி வைக்க காபா என்ற வேதிப்பொருள் நம் உடம்பிலேயே இருக்கிறது. இந்த மாத்திரை அதன் வேலையைத் தூக்கிவிடுகிறது. தினமும் போட்டால் சில வாரங்களிலேயே மூளை அதற்குப் பழகி, மாத்திரை இல்லாமல் அடங்க மறுக்கலாம். டாக்டர் சொன்ன அளவில் போட்டாலும் இது நடக்கலாம். அல்பிரசோலம் சேர்ந்த பென்சோடயசெபைன் வகை மாத்திரைகளை இரண்டிலிருந்து நான்கு வாரம்தான் போடலாம் என்று பிரிட்டனில் 1988-லேயே அறிவுறுத்தினார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-ல் இந்த வகை மாத்திரைகள் எல்லாவற்றுக்கும், மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிப் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கையை விரிவாக்கியது.

நீ முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அல்பிரசோலம் சுமார் 11 மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். அதனால் தினமும் போடுகிறவர்களில் சிலருக்கு அடுத்த வேளை வருவதற்குள்ளேயே கை நடுங்கும், வியர்க்கும், விடிவதற்கு முன்பே திடுக்கென்று விழிப்பு வரும். நோய் முற்றிவிட்டது என்று பயந்து 0.25 மில்லிகிராமை 0.5 ஆக்கத் தோன்றும். பல நேரம் அது நோயே இல்லை, ரத்தத்தில் மருந்து குறைவதுதான். ஒரு வாரம் மாத்திரை போட்ட நேரத்தையும் படபடப்பு வந்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார். இரண்டுக்கும் நடுவே இடைவெளி ஒரே மாதிரி இருந்தால், அந்தத் தாளை டாக்டரிடம் காட்டு.

தினமும் போட்டுப் பழகியிருந்தால், பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடாதே. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அப்போது போடும் அளவில் 5 முதல் 10 சதவீதம் குறைப்பதுதான் பொதுவான தொடக்கம். ஒரு மில்லிகிராம் போடுகிறவருக்கு அது 0.1-க்கு மேல் போகாது. மாத்திரையைப் பாதியாக உடைத்தால் ஒரேயடியாக 50 சதவீதம் போய்விடும், அங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சில டாக்டர்கள், ரத்தத்தில் மெதுவாகக் குறையும் டயசெபம் என்ற இதே வகை மாத்திரைக்கு மாற்றிக் குறைப்பார்கள். அதை நீயாகச் செய்யாதே. 0.5 மில்லிகிராம் அல்பிரசோலம் ஏறக்குறைய 10 மில்லிகிராம் டயசெபமுக்குச் சமம் என்பது ஒரு கணக்கு, ஆளுக்கு ஆள் அது மாறும்.

மதுவோடு சேர்க்கவே கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரைகளோடும் கூடாது, மூச்சு அடங்கிப்போகும்.

“எத்தனை வாரத்துக்கு? எப்படி நிறுத்துவது?” என்று டாக்டரிடம் இப்போதே கேள். படபடப்புக்கே கொடுக்கும் வேறு வகையான எஸ்சிட்டலோபிராம் மாதிரி மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் ஆகும், ஆனால் இந்த ஏக்கம் பிடிக்காது. அதையும் நிறுத்தும்போது மெதுவாகத்தான் நிறுத்த வேண்டும். சிந்தனைப் பழக்கத்தை மாற்றும் சிபிடி சிகிச்சையையும் கேட்டுப் பார். தினமும் போடுகிறாய் என்றால், அட்டையில் ஒரு வாரத்துக்கான மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த சந்திப்பை வாங்கிவிடு.

அன்புடன்,
அம்மா