தரைநிலையத்தை அணைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட நிர்வாகத்துக்கும் ட்ரோன் கொள்முதல் குழுவினருக்கும்,

வணக்கம். வெள்ளச் சேதத்தைக் கணக்கெடுக்க ஐந்து ட்ரோன்கள் கொண்ட கூட்டம் ஒன்றை வாங்கவிருக்கிறீர்கள். செயல்விளக்கம் காய்ந்த திடலில், காற்றில்லாத காலையில் நடந்தது. நடுவில், பந்தலுக்குள் இருந்து அவற்றை இயக்கிய தரைநிலையமான மடிக்கணினியின் இணைப்பு அறுந்ததும், ஐந்தும் வேலையைப் போட்டுவிட்டுத் திரும்பின. பாதுகாப்பு ஏற்பாடு என்றார்கள். கைதட்டலும் கிடைத்தது.

ஒரு ட்ரோன் விழுந்தால் அதன் பங்கு வயலை மற்ற நான்கும் பிரித்துக்கொள்ள வேண்டும். தரைநிலையம் போனால் தமக்குள் பேசிக்கொண்டு வேலையை முடிக்க வேண்டும். அதற்குத்தானே கூட்டம்? கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறியபோது மின்கம்பங்களோடு செல்போன் கோபுரங்களும் சாய்ந்தன. 4ஜி இருந்தால்தான் பறப்பேன் என்கிற ட்ரோனுக்கு அன்று இங்கே என்ன வேலை?

தண்ணீர் நிற்கும் வயல் தனிச் சிக்கல். கீழ்நோக்கும் கேமரா அலையசைவைத் தன் நகர்வாக எடுத்துக்கொள்ளும். தாழப் பறந்தால் ட்ரோன் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். காற்றழுத்தத்தை வைத்து உயரம் பார்க்கும் ட்ரோன், புயல் நேரத்தில் அழுத்தம் 1 மில்லிபார் குறைந்தாலே சுமார் 8 மீட்டர் ஏறிவிட்டதாகக் கணக்கிட்டு அந்த அளவுக்குக் கீழே இறங்கும். இணைப்பு அறுந்ததும் திரும்பி வரும் உயரத்தை 15 மீட்டர் என்று வைத்திருந்தால் தென்னை மட்டையில்தான் போய் நிற்கும். ஐந்துக்கும் ஒரே உயரம் வைத்தால் ஒன்றோடொன்று மோதும். படகிலிருந்து ஏவினால், படகு நகர்ந்த பிறகு, புறப்பட்ட இடம் என்று அது திரும்பி வருவது வெறும் தண்ணீருக்கு. வேதாரண்யத்து உப்புக்காற்றில் பேட்டரி முனைகள் பச்சை பூப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் அடிபடுகிறவர் கடைமடை விவசாயி. சேதம் 33 சதவீதத்தை எட்டாவிட்டால் பயிருக்கு நிவாரணம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மூழ்கிய பயிரின் படம் தண்ணீர் வடிவதற்குள் கிடைத்தாக வேண்டும். வடிந்த பிறகு, சேறு படிந்த சம்பாவைப் பார்த்து 30-ஆ, 35-ஆ என்று வரப்பில் நின்று வாதாட வேண்டியவர் அவர். படம் வராததற்கு யார் காரணம் என்று எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

டெல்லி விஜய் சௌக்கில் 2022 ஜனவரி 29 அன்று 1,000 ட்ரோன்கள் வானில் கோலம் போட்டன. முன்கூட்டியே எழுதி வைத்த பாதையில் பறக்கும் காட்சி அது. அதற்கு அது போதும். நம் வாய்க்கால்களில் வெள்ளம் அப்படி ஒத்திகை பார்த்துக்கொண்டு வருவதில்லை. விழாவுக்கு வேண்டுமானால் கோலம் போடும் ட்ரோன்களைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், நாங்களும் வந்து பார்க்கிறோம்.

கோபத்தைப் பொறுத்தருளுங்கள். கேட்பது ஒன்றுதான்: ஒப்பந்தத்துக்கு முன், பறந்துகொண்டிருக்கும்போதே தரைநிலையத்தை அணையுங்கள். ஒரு ட்ரோனை இறக்கிவிடுங்கள். மீதி நான்கும் முழுப் பரப்பையும் படமெடுத்து முடிக்கின்றனவா என்று பாருங்கள். இதை ஒருமுறை இறால் குட்டை மேலும், ஒருமுறை தென்னந்தோப்பு மேலும் செய்யுங்கள். தோற்றால் கொள்முதல் இல்லை என்று டெண்டரிலேயே எழுதுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் ஒரு நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். குட்டையும் தோப்பும் வேதாரண்யம் பக்கம் அடுத்தடுத்தே இருக்கின்றன.

இப்படிக்கு,
கடைமடை விவசாயிகளும் ட்ரோன் இயக்குவோரும்