70 பட்டை வேண்டிய இடத்தில் 14: புகையிலைக் கொள்கை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

நிதித்துறையிலும் சுகாதாரத் துறையிலும் பொறுப்பு வகிக்கும் மதிப்பிற்குரியவர்களுக்கு, வணக்கம்.

உலகப் புகையிலை எதிர்ப்பு நாளான மே 31 இன்னொரு முறை வந்து போய்விட்டது. புகைப்பவர் விகிதம் குறைந்துவிட்டதென்று மறுபடியும் சராசரிக் கணக்கைக் காட்டினீர்கள். அதையே வருமானம், தொழில், மனநலம் என்று பிரித்து வெளியிடுங்கள். வசதியுள்ளவர்கள்தான் பெரும்பாலும் விட்டிருக்கிறார்கள். உடலுழைப்பாளிகளிடமும் மனநோயோடு வாழ்பவர்களிடமும் பழக்கம் தங்கிவிட்டது.

வரி உயர்வை நாங்கள் எதிர்க்கவில்லை. விலை ஏறினால் விட முயல்பவர்களில் ஏழைகளே அதிகம் என்பது நிரூபணமான உண்மை. ஆனால் அப்படி விட முயல்பவரின் கையில் என்ன கொடுக்கிறீர்கள்?

தோலில் ஒட்டிக்கொண்டால் சிறிது சிறிதாக நிக்கோட்டினைத் தந்து புகைக்கும் வேட்கையைத் தணிப்பது நிக்கோட்டின் பட்டை. நாளுக்குப் பத்து சிகரெட்டுக்கு மேல் புகைப்பவருக்கான பட்டைக் கணக்கு நீங்கள் அறிந்ததுதான். 21 மில்லிகிராம் 6 வாரம், 14 மில்லிகிராம் 2 வாரம், 7 மில்லிகிராம் 2 வாரம். நாளுக்கு ஒன்றாக 70 பட்டைகள். பல இலவசத் திட்டங்கள் தருவதோ இரண்டு வாரத்துக்கு, அதாவது 14. மீதி 56 பட்டைக்கான பணத்தை அன்றாடக் கூலி வாங்குபவரால் மொத்தமாகப் புரட்ட முடியாது. ஒற்றைச் சிகரெட்டுக்கான சில்லறை மட்டும் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். படிப்படியாக இறங்க வேண்டியவர் 15ஆம் நாள் காலையில் 21 மில்லிகிராமிலிருந்து நேரே பூஜ்யத்துக்கு விழுகிறார். அன்று மாலை அவர் மறுபடி பற்றவைத்தால், மன உறுதி இல்லாதவர் என்ற பழியும் அவர் மேலேயே விழுகிறது. பாதியில் கைவிட்டது அவர் இல்லை ஐயா, திட்டம்.

கொடுக்கிற 14 பட்டையும் முழுதாகப் பயன்படுவதில்லை. வெயிலிலும் உலையருகிலும் வேலை செய்பவரின் உடம்பில் பட்டை வியர்வையில் கழன்றுவிடும். முடியில்லாத, ஈரமில்லாத மேல்கையில் வைத்துப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். மேலே மருத்துவ ஒட்டுநாடா போட வேண்டும். நாள்தோறும் இடம் மாற்ற வேண்டும். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் தேவைப்படுபவருக்குப் பட்டையோடு 4 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கமும் சேர்த்தால்தான் தாங்கும். அதைச் சுள்ளென்று உறைக்கும்வரை மென்றுவிட்டுக் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். மிட்டாய்போல் மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் குமட்டலும்தான் மிச்சம். பாக்கும் புகையிலையும் மென்று மென்று வாய் திறக்க முடியாமல் போனவருக்கு அந்தச் சூயிங்கத்தால் பயனே இல்லை. இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கச் சில நிமிடங்கள் போதும், ஆனால் சொல்ல ஆள் வேண்டும். வேலை நேரம் முடிந்த பிறகும் அந்த ஆள் இருக்க வேண்டும்.

ஆகவே எங்கள் கோரிக்கை: வரியை உயர்த்தும் அதே வரவுசெலவுத் திட்டத்தில், பத்து வாரச் சிகிச்சை முழுவதற்கும் பணம் ஒதுக்குங்கள்.

வரியின் அமைப்பிலும் கோளாறு இருக்கிறது. ரகத்துக்கு ஒரு வரியென்று அடுக்கடுக்காகப் போட்டால், நிறுவனங்கள் மலிவு ரகத்தின் வரியில் ஒரு பங்கைத் தாமே ஏற்றுக்கொண்டு, விலையுயர்ந்த ரகத்தில் வரிக்கு மேலேயும் ஏற்றி ஈடுகட்டும். இடைவெளி விரிய விரிய, விட வேண்டியவர் மலிவுக்கு இறங்குகிறார். கையால் சுருட்டிப் புகைக்கும் புகையிலைத் தூளுக்குக் குறைந்த வரி என்றால் அது இன்னொரு படி கீழே. எல்லா ரகத்துக்கும் ஒரே அளவான வரி போட்டு, விலைவாசியோடும் வருமானத்தோடும் அதை ஆண்டுதோறும் ஏற்றாமல் இந்தப் படிக்கட்டு உடையாது. உதிரி விற்பனையையும் நிறுத்துங்கள். ஒற்றையாக வாங்குபவர் பெட்டியின் எச்சரிக்கைப் படத்தைப் பார்ப்பதே இல்லை.

புகையை நிறுத்தும் முயற்சியில் மனநல விடுதிகளை மட்டும் ஏன் விட்டுவைத்திருக்கிறீர்கள்? அங்கிருப்பவர்களுக்குச் சிகரெட் ஒன்றுதான் ஆறுதல் என்று சொல்லி, அவர்களை ஆயுளுக்கு முன்பே சாக விடுகிறோம். சிகரெட் புகை, கடும் மனநோய்க்குத் தரும் குளோசபைன் மருந்தைக் கல்லீரலில் சீக்கிரம் சிதைக்கச் செய்யும். அதனால் நிறுத்தியதும் இரத்தத்தில் மருந்து ஏறும்; பரிசோதித்து அளவைக் குறைக்க வேண்டும். மருத்துவர் கண்காணித்தால் இது செய்யக்கூடிய வேலைதான்.

2005இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் 6ஆம் பிரிவு வரியைப் பேசுகிறது, 14ஆம் பிரிவு சிகிச்சையைப் பேசுகிறது. நாடுகள் ஒரே கையெழுத்தில் இரண்டையும் ஏற்றன. பட்டை, சூயிங்கம் போன்ற நிக்கோட்டின் மாற்று மருந்துகள் 2009இலும், புகைப்பதை விட உதவும் மாத்திரைகளான வாரேனிக்ளினும் புப்ரோபியானும் 2021இலும் அதே அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. வரி வசூல் ஒரு நாளும் தாமதமாவதில்லை. அந்த வரியைக் கட்டுபவரின் மருந்து மட்டும் இரண்டாம் வாரத்தில் நின்றுபோகிறது.

கோபம் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு மறுபடி கேட்கிறோம்: அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு நோயாளிக்கு 70 பட்டை என்று எழுதுங்கள். கழன்று வீணாவதற்கு ஈடாக மேலும் சிலவும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
புகையிலை மீட்புச் சிகிச்சைப் பணியாளர்கள்