நாற்காலிக்கு ஆள் தேடும் முன்: குமரி மாவட்ட இல்லங்களின் அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். மனவளர்ச்சி குன்றியோருக்காக நீங்கள் நடத்தும் இல்லத்தைத் தொடங்கியவருக்கு வயதாகிவிட்டது. அடுத்து யார் என்று பேச ஆரம்பித்திருப்பீர்கள். "நல்ல மனசுள்ள ஒருத்தர் கிடைச்சா போதும்" என்பதுதான் இந்தப் பேச்சில் முதலில் வரும் வார்த்தை. நல்ல மனசு வேண்டும்தான். ஆனால் ஆள் தேடும் முன் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சாவிக்கொத்து, காசோலைப் புத்தகம், மருந்து அலமாரி, இல்லவாசிகளின் கோப்புகள் ஆகிய நான்கும் இன்று ஒருவர் கையில் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து வையுங்கள். பிரிக்காமல் எவ்வளவு நல்லவரை உட்கார வைத்தாலும், ஒன்று அவர் ஒரு வருடத்தில் ஓடிப்போவார், இல்லையென்றால் அவரும் இன்னொரு "பெரியவர்" ஆகிவிடுவார்.

முதலில் நிலம். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துப் பாருங்கள். நிலம் அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறதா, நிறுவனரின் பெயரிலா? "ட்ரஸ்டுக்குத்தான்னு எழுதிக் குடுத்திருக்காரே" என்பார்கள். வெள்ளைத்தாளில் எழுதியது தானம் ஆகாது. அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுக்க இரண்டு சாட்சிகளுடன் பதிவு செய்த பத்திரம் வேண்டும். அவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போய் முடித்துவிடுங்கள். அவர் காலமான பிறகு என்றால் ஒவ்வொரு வாரிசின் கையெழுத்தும் தேவைப்படும். ஐந்து வாரிசில் ஒருவர் துபாயில் இருப்பார், இன்னொருவர் அவரோடு பேச மாட்டார்.

அடுத்து, சட்டப் பாதுகாவலர் உத்தரவுகள். இல்லங்களில் நாற்பது வயதுக்காரரையும் "பிள்ளை" என்றே அழைக்கிறோம். பாசம்தான், ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 18 முடிந்தால் அவர் வயதுவந்தவர். அவருக்காகக் கையெழுத்துப் போடும் சட்டப் பாதுகாவலர் என்ற உரிமை பெற்றோருக்கே தானாக வருவதில்லை, இல்லத் தலைவருக்கு எங்கிருந்து வரும்? 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுக் கொடுத்துத்தான் பாதுகாவலர் ஆக முடியும். ஆகவே ஒவ்வொரு கோப்பையும் திறந்து, உத்தரவு இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய தலைவரின் சொந்தப் பெயரில் இருந்தால், அவர் விலகும் முன்பே மாற்ற மனுப் போடுங்கள். நியமனம் பெற்ற பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் அசையாச் சொத்துப் பட்டியலையும், நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கையும் கொடுக்க வேண்டும் என்பது அதே சட்டம். இதைச் செய்யாமலே வருடக்கணக்கில் ஓடுகிற கோப்புகள்தான் புதிதாக வருபவரின் தலையில் விழும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி இல்லத்துக்குப் பதிவுச் சான்று வேண்டும், அது பார்வையில் படும் இடத்தில் தொங்கவும் வேண்டும். காலாவதித் தேதியைப் பாருங்கள். மனநோயாளிகளையும் சேர்த்து வைத்திருந்தால் அது தனிக் கதை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனவளர்ச்சிக் குறைபாட்டை மனநோய் என்று கொள்வதில்லை, இரண்டுக்கும் பதிவும் வேறு. பேருந்து நிலையத்தில் அலைந்தவரை யாரோ கொண்டுவந்து விட்டார்கள், இரக்கப்பட்டு வைத்துக்கொண்டோம் என்ற விளக்கம் ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் செல்லாது. வெளிநாட்டு நன்கொடைப் பதிவு உள்ள இல்லம் என்றால், முக்கியப் பொறுப்பாளர்கள் மாறியதை 45 நாளுக்குள் இணையவழியில் தெரிவிக்க வேண்டும். மறந்தால் சிக்கல் புது ஆளுக்கு.

இனி மருந்து அலமாரி. தலைமை மாறும் மாதத்தில் தவறு நடக்க வாய்ப்பு மிக அதிகமான இடம் இது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறோம்.

மனவளர்ச்சி குன்றியோரில் வலிப்பு உள்ளவர்கள் அதிகம். ஒருவருக்கு சோடியம் வால்ப்ரோயேட் 400 மில்லிகிராம் என்று மருத்துவர் எழுதுகிறார். 200 மில்லிகிராம் மாத்திரை கையில் இருப்பதால், "ராத்திரி ரெண்டு" என்று பணியாளர் மனப்பாடம் செய்துவைக்கிறார். அடுத்த மாதம் கடையில் 500 மில்லிகிராம் அட்டை வருகிறது. பழகிய சிஸ்டராக இருந்தால் நிறம் மாறியதைப் பார்த்துக் கேட்பார். அவர் போய்ப் புதிய ஆள் வந்திருந்தால் "ராத்திரி ரெண்டு"தான். 400 போக வேண்டிய இடத்தில் 1,000 போகிறது. மறுநாள் அந்த மனிதர் தூங்கி வழிகிறார், நடை தள்ளாடுகிறது, "இன்னைக்கு சோம்பலா இருக்கான்" என்று எழுதி வைப்பார்கள்.

இதற்கு மருந்து வேறொன்றும் இல்லை. ஆளுக்கு ஒரு தாள் போடுங்கள். மேலே புகைப்படம், பெயர், ஒவ்வாமை. கீழே மருந்தின் பெயர், மில்லிகிராம், நேரம். மாத்திரை எண்ணிக்கையை மட்டும் எழுதவே கூடாது. கொடுத்தவர், பார்த்தவர் என்று இரண்டு கையொப்பக் கட்டங்கள். மாத்திரையைப் பிரித்து வைக்கும்போது கையெழுத்துப் போடும் பழக்கம் எல்லா இடத்திலும் தொற்றிக்கொள்ளும். விழுங்கிய பிறகுதான் போட வேண்டும். துப்பிவிட்டால் அந்தக் கட்டத்தில் வட்டம் போட்டுக் காரணம் எழுத வேண்டும். ஞாயிறுதோறும் மிச்சம் எண்ண வேண்டும். கையிருப்பு பத்து நாளுக்குக் குறையவே கூடாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது மரம் விழுந்து வழியடைத்துக் கரண்டும் போய்க் கிடந்ததை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. வலிப்பு மருந்து திடீரென்று நின்றால் நிற்காத வலிப்பு வரலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாய்க்குள் எதையும் திணிக்கக் கூடாது, கையில் சாவியைக் கொடுப்பதும் வேண்டாம்.

பேச முடியாதவருக்கு வலி, நடத்தையாகத்தான் வெளியே வரும். திடீரென்று தலையைச் சுவரில் முட்டுகிறார், சோற்றைத் தட்டிவிடுகிறார் என்றால், தூக்க மருந்து கேட்கும் முன் பல்லையும் காதையும் பாருங்கள், மலம் கழித்து எத்தனை நாளாகிறது என்று பாருங்கள். மலச்சிக்கல் முற்றிக் குடல் அடைத்து உயிர் போவதும் உண்டு. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை தைராய்டு பரிசோதனை. எல்லோருக்கும் மாதம் ஒருமுறை எடை. ஐம்பது கிலோ இருந்தவர் இரண்டு மாதத்தில் நாற்பத்தேழு ஆனால் அது சமையல்காரரின் குற்றம் அல்ல, மருத்துவரிடம் காட்ட வேண்டிய செய்தி. விழுங்கச் சிரமப்படுபவருக்கு அவித்த மரச்சீனிக் கிழங்கைத் துண்டாகக் கொடுக்காதீர்கள். தொண்டையில் மாவாக அப்பிக்கொள்ளும். மசித்து, மீன்குழம்பில் குழைத்துக் கொடுங்கள்.

இவ்வளவையும் தலைவரே செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. இவை நடக்கின்றனவா என்று தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளத் தெரிந்தவர்தான் தலைவராக வேண்டும்.

சாவிக்கு வருவோம். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஓர் இல்லத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். உங்கள் இல்லத்தில் சங்கிலி இருக்காது. ஆனால் ஜன்னல் முழுக்கக் கம்பி, வெளியே பூட்டு, சாவி வார்டனின் தலையணைக்கு அடியில் என்றால் வித்தியாசம் எவ்வளவு? வெளியே ஓடிவிடுவார்கள் என்ற பயம் நியாயமானதே. அதற்குச் சுற்றுச்சுவர்க் கதவு பூட்டியிருந்தால் போதும், படுக்கும் அறைக்குத் தாழ்ப்பாள் மட்டும் இருக்கட்டும். வருடம் இரண்டு முறை, இரவு பதினொரு மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லோரையும் முற்றத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது, யார் கட்டிலை விட்டு எழவே மாட்டேன் என்றார் என்று எழுதி வையுங்கள். இரவுப் பணிக்கு ஒரே ஆள் என்றால் அந்த ஒத்திகையே உங்களுக்குப் பதில் சொல்லிவிடும்.

பணம். பராமரிப்பு உதவித்தொகை ஒவ்வொருவரின் சொந்த வங்கிக் கணக்கில் வருகிறது. அந்த ஏடிஎம் அட்டைகள் எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டுத் தலைவரின் மேசை இழுப்பறையில் கிடந்தால், அவர் யோக்கியராகவே இருந்தாலும் அது தப்பு. ஆளுக்கு ஒரு பக்கம் கணக்கு, எடுக்கும்போது இரண்டு பேர் கையெழுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டாருக்கு நகல். இல்லத்தின் காசோலையில் கையெழுத்திடும் இருவர் உறவினராக இருக்கக் கூடாது. தலைவரின் மைத்துனர் கணக்காளர் என்ற ஏற்பாட்டை அன்போடு முடித்துவையுங்கள். பிறந்தநாளுக்கும் நேர்ச்சைக்கும் வரும் பிரியாணியைப் பற்றி ஒரு வரி: ஒரே வாரத்தில் நாலு பிரியாணி, அடுத்த வாரம் கஞ்சி என்று வயிற்றைப் பாழாக்காமல், அதே தொகையை இரவுப் பணியாளரின் சம்பளத்துக்குக் கேட்டு வாங்கத் தெம்புள்ள தலைவர் வேண்டும். சோறு போடுவதற்காக இல்லவாசிகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுக்க அனுமதிக்காத தெம்பும்.

இவ்வளவும் ஒழுங்கான பிறகு ஆளைத் தேடுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர் உட்கார்ந்து கேள்வி கேட்கும் நேர்காணலில் நன்றாகப் பேசுகிறவர்தான் ஜெயிப்பார். விண்ணப்பதாரரை மூன்று நாள் இல்லத்தில் தங்கச் சொல்லுங்கள், அதில் ஓர் இரவுப் பணி கட்டாயம். உடன் ஒரு பணியாளர் எப்போதும் இருக்கட்டும், தனியே விட வேண்டாம். ஊட்டிவிடும்போது நின்றுகொண்டு ஊட்டுகிறாரா, எதிரே உட்கார்ந்தா? குளியலறைக் கதவைத் தட்டிவிட்டுத் திறக்கிறாரா? இல்லவாசியிடம் கேட்க வேண்டியதைப் பக்கத்தில் நிற்கும் பணியாளரிடம் கேட்கிறாரா?

பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "பதினைந்து வருடமாக இருக்கும் பணியாளர், இல்லவாசி ஒருவரை அடித்துவிட்டார். முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்?" இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சமாதானம் செய்வேன் என்கிறவர் வேண்டாம். அடித்தவரை உடனே பணியிலிருந்து விலக்கி, அடிபட்டவரின் உடம்பை மருத்துவரிடம் காட்டி, நேரம் போட்டு எழுதி, வீட்டாருக்கும் உங்களுக்கும் சொல்கிறவர் வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் மீது பாலியல் குற்றம் என்று தெரிந்தால் போலீசுக்குச் சொல்வது 2012 போக்சோ சட்டப்படி கட்டாயம், பெயர் கெடும் என்று குழு கூடி யோசிக்க அதில் இடமே இல்லை.

இல்லவாசிகளிடமும் கேளுங்கள். ஆனால் "இவர் வரட்டுமா?" என்றால் பலர் "ம்" என்பார்கள். "வேண்டாமா?" என்றாலும் "ம்" என்பார்கள், நம்மைச் சந்தோஷப்படுத்தத்தான். அதனால் சிரித்த முகம், சும்மா இருக்கும் முகம், கோப முகம் என மூன்று படத்தையும் விண்ணப்பதாரரின் புகைப்படத்தையும் வைத்து, இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை கேளுங்கள்.

நியமன ஆணையில் ஐந்து வருடம், ஒருமுறை மட்டும் நீட்டிப்பு என்று எழுதுங்கள். வருடத்தில் பதினைந்து நாள் தொடர்ந்து விடுப்பு எடுத்தே ஆக வேண்டும் என்றும் எழுதுங்கள். அவர் இல்லாத அந்தப் பதினைந்து நாளில்தான் இரண்டாம் நிலையில் இருப்பவர் தேறுவாரா என்று தெரியும், மறைந்து கிடக்கும் கணக்கும் வெளியே வரும். திருச்சபை நடத்தும் இல்லம் என்றால் ஃபாதரோ போதகரோ மாற்றலில் போகும்போது நிர்வாகமும் கூடவே போய்விடுகிறது. ஆன்மீகப் பொறுப்பு அவரிடம் இருக்கட்டும், அன்றாட நிர்வாகத்துக்கு மாற்றல் இல்லாத ஒருவரை வையுங்கள்.

நிறுவனரை விமர்சிப்பதா என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். மனவளர்ச்சி குன்றியோருக்காக பிரான்சில் 1964இல் ழான் வானியே தொடங்கிய லார்ஷ் இல்லங்கள் உலகெங்கும் பரவியவை, இந்தியாவிலும் உண்டு. 2019இல் அவர் இறந்தபோது புனிதராகவே போற்றினார்கள். அடுத்த வருடமே, லார்ஷ் அமைப்பு ஏற்பாடு செய்த விசாரணை, குறைந்தது ஆறு பெண்களை அவர் பாலியல்ரீதியாகப் பயன்படுத்திக்கொண்டதை வெளிக்கொண்டுவந்தது. 2023இல் வந்த அறிக்கையில் அந்த எண்ணிக்கை குறைந்தது 25. அந்தப் பெண்கள் மனவளர்ச்சி குன்றியவர்கள் அல்ல. நன்றாகப் பேசத் தெரிந்தவர்களாலேயே இத்தனை காலம் சொல்ல முடியவில்லை என்றால், பேச்சே வராதவர்கள் இருக்கும் இடத்தில் யாரையும் கேள்விக்கு அப்பால் வைக்க முடியாது. அந்த அமைப்பு தன் அழுக்கைத் தானே வெளியிட்டது என்பதையும் கவனியுங்கள்.

கடைசியாக, பெரியவரை அனுப்பிவைக்கும் முறை. ஊருக்கெல்லாம் சொல்லி அசனம் என்னும் பொது விருந்து போட்டுப் பொன்னாடை போர்த்துவீர்கள். இல்லவாசிகளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மறுநாள் காலை அவர் இருக்கையைப் பார்த்துச் சிலர் சாப்பிட மறுப்பார்கள், சிலர் வாசலிலேயே நிற்பார்கள். ஒரு மாதம் முன்பே நாட்காட்டியில் அவர் படத்தை ஒட்டி, தினம் ஒரு கட்டத்தை அடிக்கச் சொல்லுங்கள். புதியவரும் அவரும் இரண்டு வாரம் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். போன பிறகு மூன்று மாதம் அவர் வளாகத்தில் தங்க வேண்டாம். ஆனால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டும், எந்த ஞாயிறு என்பதையும் அந்த நாட்காட்டியிலேயே குறித்து வையுங்கள்.

இப்படிக்கு,
இல்லங்களில் பணிபுரியும் சிறப்பாசிரியர்களும் செவிலியர்களும் பெற்றோரும்
கன்னியாகுமரி மாவட்டம்