அத்தோக் கடைத் தோழிக்கு

யாங்கூன், தம்வே

கர்த்தருக்குள் அன்பான தோழிக்கு ஸ்தோத்திரம்.

உன் கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. சென்னைக்குப் போய்த் திரும்பிய பிள்ளை ஒருவன் கொண்டுவந்து கொடுத்தான். கூடவே நீ அனுப்பிய கடலை மிட்டாயும் வந்தது. நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து உன் கடிதத்தைப் பிரிப்பதற்குள் பேத்தி பாதியைத் தின்றுவிட்டாள். முழங்கால் வலி இன்னும் விடவில்லை என்று எழுதியிருக்கிறாய். மருமகள்தான் கடையைப் பார்த்துக்கொள்கிறாளே, நீ ஏன் இன்னும் நின்றுகொண்டே அத்தோவுக்கு நூடுல்ஸ் பிசைகிறாய்? நாற்காலி போட்டு உட்கார்.

இங்கே எல்லோரும் சுகம். கரண்ட் மட்டும் நினைத்தால் வருகிறது, நினைத்தால் போகிறது. எப்போது வருகிறதோ அப்போது மாவாட்ட வேண்டும், நடுச்சாமமானாலும் எழுந்துவிடுகிறேன். அடுப்பு அதே கரி அடுப்பு, கடை அதே தெருமுனை. காலை ஐந்தரைக்குக் கல் காய்ந்துவிடும். வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுக் கல்லில் ஒரு தேய் தேய்க்கும்போது வரும் அந்த வாசனைக்கே இரண்டு பேர் வந்து நிற்பார்கள். மேலே அவித்த பட்டாணி, தக்காளி, முட்டைக்கோஸ் எல்லாம் போட்டு மடித்துக் கொடுத்தால்தான் இவர்களுக்கு அது தோசை. நம் அம்மாக்கள் பார்த்தால் என்ன சொல்வார்களோ!

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

இந்த வருஷம் ஒவ்வொரு விசுவாசியும் ஒரு ஆத்துமாவையாவது ஆதாயம் பண்ண வேண்டும் என்று உங்கள் சபையில் சொல்லி, பெயர் எழுத ஒரு நோட்டும் வைத்திருக்கிறார்கள். நீ கைப்பிரதிகளைப் பையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஒன்றைக்கூட நீட்ட முடியாமல், வெயிலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறாய். ராத்திரி அழுதிருக்கிறாய். ‘எனக்கு விசுவாசமே இல்லையோ?’ என்று எழுதியிருக்கிறாய். அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை, கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

1965-ல் நீங்கள் பர்மாவை விட்டுக் கப்பல் ஏறிய நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. உனக்கும் எனக்கும் பதினொரு வயது. நகையும் பணமும் கொண்டுபோக முடியாத காலம். அதற்கு முந்திய வருஷம்தான் ஐம்பது, நூறு கியாட் நோட்டெல்லாம் செல்லாது என்று ஆகி, நம் தெருவில் பாதிக் குடும்பம் ஒரே நாளில் ஓட்டாண்டியானது. உன் அம்மா பழைய புடவையில் வேதாகமத்தைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு துறைமுகத்தில் நின்றார்கள். ‘இதையாவது விட்டார்களே’ என்று என் அம்மாவிடம் சொன்னார்கள். அந்தப் புத்தகத்தைப் படித்து வளர்ந்தவள் நீ. உனக்கா விசுவாசம் இல்லை?

பஸ் ஸ்டாண்டில் உன் நாக்கு எழாமல் போனதற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். அதைச் சொல்ல நம் ஊர்க் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரி ஜட்சன் ஐயாவைப் பற்றி ஞாயிறு பள்ளியில் படித்தோமே. 1813 ஜூலையில் அவரும் அவர் மனைவியும் இந்த யாங்கூனில், அப்போதைய ரங்கூனில், வந்து இறங்கினார்கள். முதல் பர்மியர் ஞானஸ்நானம் எடுத்தது 1819 ஜூன் 27. நடுவே ஆறு வருஷம்! அந்த ஆறு வருஷமும் பாஷை கற்பதிலும் எழுதுவதிலும் போனது. அப்புறம் 1819-ல்தான் பகோடாவுக்கு, அதாவது புத்தர் கோயிலுக்கு, போகும் பாதையோரமாக ஒரு சயாட் கட்டினார். சயாட் உனக்கு மறந்திருக்காது, வழிப்போக்கர்கள் உட்கார்ந்து இளைப்பாறும் மண்டபம். நம் ஊர்க்காரர்கள் சாவடி என்பார்களே, அதுதான். மூங்கிலும் ஓலையும் போட்ட கொட்டகை, முன்பக்கம் திறப்பு. அங்கே உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவர் ஏறி வந்து உட்கார்ந்தால் பேசுவார். பர்மாக்காரர்களுக்குப் பழக்கமான இடம் அது. களைத்தவன் உட்காருவான், பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பான், கேள்வி கேட்பான். மாங் நாவ் என்ற அந்த முதல் விசுவாசியும் அப்படி வந்து உட்கார்ந்தவர்தான். ஏழைக் கூலியாள். முதலில் சும்மா வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்று படித்திருக்கிறேன்.

ஒரு வெளிநாட்டுக்காரர் இந்த ஊர் வழக்கத்தைப் புரிந்துகொண்டு, சனங்கள் எங்கே உட்காருவார்களோ அங்கே தானும் போய் உட்கார்ந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைந்துபோகிறது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. அந்தக் கதையை உனக்கு இதுவரை எழுதியதில்லை.

எதிர்வீட்டு அமாவை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு குடிவந்தவள். எனக்கு இரண்டு வயது மூத்தவள், அதனால் அமா, பர்மிய மொழியில் அக்கா, என்றுதான் கூப்பிடுவேன். 2003-ல் அவள் வீட்டுக்காரர் இறந்துபோனார். ஏழாம் நாள் பிக்குகளுக்குச் சாப்பாடு போட வீடு பரபரப்பாக இருந்தது. மூன்றாம் நாளே நான் போய், பர்மிய மொழியில் அச்சடித்த கைப்பிரதி ஒன்றை அவள் கையில் வைத்தேன். அந்த மாதம் எங்கள் கூட்டத்தில் எல்லோரும் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம், எனக்கும் ஒரு அவசரம். அவள் அதை வாசித்தாள். மெதுவாக நாலாய் மடித்துத் தேநீர்த் தட்டுக்கு அடியில் வைத்தாள். ‘என் வீட்டுக்காரர் எங்கே போயிருக்கிறார் என்று சொல்ல வந்தாயா?’ என்று கேட்டாள். கோபம் இல்லை. கண் மட்டும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்ல முடியாமல் எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அவள் என் கடையில் ஒரு தோசை வாங்கவில்லை.

நான் கொடுத்த காகிதத்தில் இருந்தது சத்தியம்தான். ஆனால் அவளோடு உட்கார்ந்து அழாமல் அதைக் கொடுத்தேன். அது பாவம் என்று இப்போதும் நினைக்கிறேன், ஆண்டவரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

2008 மே 2-ஆம் தேதி ராத்திரி நர்கிஸ் புயல் அடித்தது. ஐராவதி டெல்டாவில் 1,30,000 பேருக்கு மேல் செத்தும் காணாமலும் போனார்கள். யாங்கூனில் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் விடிந்து பார்த்தால் தெருவே தெரியவில்லை, அத்தனை மரம். கரண்ட் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. எங்கள் சபை வளாகத்தில் பழைய கைப்பம்பு ஒன்று உண்டு. நானும் என் இளையவனும் விழுந்த மரங்களுக்கு அடியில் குனிந்து குனிந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வருவோம். அமா தனியாக இருந்தாள். வாளியை அவள் வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். பேச எனக்குத் தைரியம் இல்லை.

ஆறாம் நாள் அவளே வந்தாள். முகத்தில் தனக்கா இல்லை, இங்கே பெண்கள் பூசிக்கொள்ளும் மரப்பட்டைச் சாந்து. பல் தேய்க்காமல் வெளியே வந்தாலும் தனக்கா பூசாமல் வரமாட்டாள் அவள். திண்ணையில் உட்கார்ந்து, ‘அன்றைக்கு ஒரு காகிதம் கொடுத்தாயே, அதில் சொன்னவர்தான் உன்னைத் தண்ணீர் தூக்கச் சொல்கிறாரா?’ என்று கேட்டாள்.

அன்றைக்குத்தான் நான் முதல்முறையாகச் சாட்சி சொன்னேன் என்பேன். சபையில் எத்தனையோ முறை எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன், ஆனால் அங்கே கேட்பவர்களுக்கு முடிவு முன்பே தெரியும். அமாவிடம் என் மூத்தவனைப் பற்றிச் சொன்னேன். நாலு வயதில் காய்ச்சலில் போனவன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் ஜெபிக்கவே இல்லை, சபைப் பாட்டி ஒருவர் மட்டும் தினமும் சாயங்காலம் வந்து, வசனம் ஒன்றும் சொல்லாமல், என்னோடு பட்டாணி உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று சொன்னேன். ஒருநாள் அவர் எழுந்து போகும்போது, ‘நாளைக்கும் வாங்க பாட்டி’ என்று என் வாயில் வந்தது. அந்த ராத்திரி ஜெபித்தேன். ‘ஆண்டவரே, நீரும் இவ்வளவு நாளாக இங்கேதான் உட்கார்ந்திருந்தீரா?’ இதைத்தான் அமாவிடம் சொன்னேன். அவள் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னாள். இரண்டு பேரும் அழுதோம்.

சொல்வதற்கு வார்த்தை தேடியதுதான் கஷ்டம். பர்மிய மொழியில் பயா என்றால் புத்தர், பயா என்றால் பகோடா, வேதாகமத்தில் தேவனுக்கும் அதே பயா. ஜட்சன் ஐயா அதோடு தகின் என்ற சொல்லைச் சேர்த்து பயா தகின் என்று எழுதினார், எஜமானாகிய ஆண்டவர் என்கிற மாதிரி. அமாவுக்கு அது பாதிதான் புரிந்தது. ஆனால் கிருபை என்பதற்கு இவர்கள் சேசூத்தோ என்பார்கள். சேசூ நாள் முழுக்க எல்லோர் வாயிலும் வருகிற வார்த்தை, தோசையை வாங்கிக்கொண்டு சேசூ என்று சொல்லாமல் யாரும் போவதில்லை. கத்தோலிக்கர் வீட்டுப் பழைய பாட்டில் வருகிற சேசு போலவே காதில் விழும். ‘நீ தண்ணீருக்கு எனக்குச் சேசூ சொன்னாயே, அதேபோல நான் வாங்கியதற்கெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது’ என்றேன். தலையாட்டினாள்.

அவள் இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. பௌர்ணமிக்குப் பகோடாவுக்குப் போகிறாள். உங்கள் நோட்டில் எழுத என்னிடம் ஒரு பெயரும் இல்லை, தோழி. ஆனால் அவள் பேரனுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி கதவைத் தட்டி, ‘உன் ஆண்டவரிடம் சொல்’ என்கிறாள். சொல்கிறேன்.

அதற்காக வாயைத் திறக்காமலே இருந்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. சிலர் அப்படிச் சொல்கிறார்கள், நம் நடக்கையே போதும், பேச வேண்டாம் என்று. எனக்கு அதில் சம்மதமில்லை. அன்றைக்கு அமா கேட்டபோது நான் சிரித்து மழுப்பியிருந்தால், தண்ணீர் தூக்கியது என் நல்ல குணம் என்று ஆகியிருக்கும். கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாயிருங்கள் என்றுதானே பேதுரு எழுதுகிறார்? யாராவது வந்து கேட்பார்கள் என்று அவர் நம்பியிருக்கிறார். கேட்கிற தூரத்தில் நாம் இருக்க வேண்டும்.

அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பார். ஸ்தேவான் இறந்த பிறகு துன்பம் வந்து எல்லோரும் சிதறினார்கள், அப்போஸ்தலர்கள் மட்டும் எருசலேமிலேயே இருந்தார்கள். சிதறினவர்கள்தான் போன இடமெல்லாம் வசனத்தைச் சொன்னார்கள். பதினோராம் அதிகாரத்தில் அந்தியோகியாவில் போய்க் கிரேக்கரிடம் முதலில் பேசினவர்களுக்குப் பெயர்கூட இல்லை, சீப்புருதீவார், சிரேனே பட்டணத்தார் என்று ஊர்தான் இருக்கிறது. அந்த ஊரில்தான் முதன்முதலில் கிறிஸ்தவர்கள் என்று பெயரே வந்தது. வீடுவாசலை விட்டுக் கப்பலேறிப் போனவர்கள் என்றால் எனக்கு உங்கள் குடும்பம்தான் கண்ணுக்குள் வருகிறது.

இங்கேயும் அதுதான் நடந்தது. 1966-ல் வெளிநாட்டு மிஷனரிகள் போகவேண்டியதாயிற்று. இனி சபை நிற்குமா என்று பெரியவர்கள் கவலைப்பட்டது உனக்குத் தெரியாது, நீ அப்போது அங்கே இருந்தாய். நின்றது. 2014 கணக்கெடுப்பில் இந்த நாட்டில் 100-க்கு 6 பேர் கிறிஸ்தவர்கள். ஆரம்பத்திலிருந்தே பார், கரேன் இனத்துச் சனங்களிடம் மலை மலையாக நடந்துபோய்ச் சொன்ன கோ தா பியூ, 1828-ல் ஞானஸ்நானம் எடுப்பதற்கு முன்பு கொள்ளைக்காரராக இருந்தவர். அன்றைய தலைநகரான ஆவாவில் ஜட்சன் ஐயா சிறையில் கிடந்தபோது, அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார் அவர் மனைவி. யாரும் ஆசைப்படாத மாதிரி கரடுமுரடான தலையணை. கடைசியில் அதுவும் குப்பையாக வீசப்பட்டபோது, மாங் இங் என்ற விசுவாசி ஐயாவின் நினைவாக இருக்கட்டும் என்று எடுத்துப்போய் வைத்துக்கொண்டார். உள்ளே என்ன இருந்தது என்று அவருக்கே தெரியாது. இப்போது என் பேத்தி வாசிக்கிற பர்மிய வேதாகமத்தின் புதிய ஏற்பாடு அப்படிப் பிழைத்தது.

உன் கடையை நினைத்துக்கொள்கிறேன். 2013-ல் நான் வந்திருந்தபோது இரண்டு நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே. வியாசர்பாடி முழுக்க அந்த பெஞ்சுக்கு வருகிறது. அத்தோவுக்கு மொறுமொறு பேஜோவை நொறுக்கிப் போட்டுக்கொண்டே ஆட்டோக்காரரிடம் அவர் மகள் பரீட்சையைப் பற்றி விசாரித்தாய். ஒரு கிழவருக்குக் காசு வாங்காமல் மொய்ங்கா சூப் ஊற்றினாய். அவர் ‘ஏம்மா எனக்கு இப்படிச் செய்யறே?’ என்று கேட்டார். நீ, ‘சாப்பிடுங்க தாத்தா’ என்று மட்டும் சொன்னாய். அன்றைக்கு அவர் கேட்டார், தோழி. அந்த மாதிரி இன்னும் யாராவது கேட்டால் சொல். பஸ் ஸ்டாண்டை, அந்த வரம் பெற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அப்படியும் சிலர் இருக்கிறார்கள், அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

இங்கே இன்னொரு செய்தி. பேத்தி வருகிற கிறிஸ்மஸுக்குப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டு பழக்குகிறாள். பாதி தமிழ், பாதி பர்மியம், தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் பர்மிய எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறார்கள். சாயங்காலம் எங்கள் திண்ணையில்தான் பழக்கம். அமா தன் வாசலில் முறம் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள்.

நேற்று தெருவைக் கடந்து வந்து, ‘இந்தப் பிள்ளைகள் பாடும்போது நானும் கோயிலுக்கு வரலாமா?’ என்று கேட்டாள். வா என்றேன். கொஞ்சம் நின்று, ‘அங்கே செருப்பைக் கழற்ற வேண்டுமா?’ என்றாள்.

கழற்றிவிட்டுத்தான் போவோம், என் செருப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிடலாம் என்றேன்.

அவளுக்காக ஜெபித்துக்கொள். அடுத்து யாராவது இங்கே வந்தால் பெரிய எழுத்துத் தமிழ் வேதாகமம் ஒன்று கொடுத்தனுப்பு, என்னுடையதில் சங்கீதம் எல்லாம் கழன்றுவிட்டது. கரண்ட் வந்துவிட்டது, மாவாட்டப் போகிறேன்.

உன் பிரியமுள்ள தோழி