படத்திலேயே பதில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் எகிப்தியப் பிரமிடு கட்டுரையில் ஒரு வரி: "கல்வேலையே அறியாத மக்கள் திடீரென்று ஒருநாள் இவ்வளவு பெரிய பிரமிடைக் கட்டினார்கள் என்றால் நம்ப முடிகிறதா? விண்ணிலிருந்து யாரோ வந்திருக்க வேண்டும்." அதைத் தாண்டிப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. 36 ஆண்டுகள் கொத்தனாராக இருந்தவன் நான்.

கட்டுரைக்கு மேலே ஒரு படம். அதன் கீழே 'கிசா' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது கிசா அல்ல, தஹ்ஷூர். ஸ்னெஃப்ரு மன்னரின் வளைந்த பிரமிடு. தாங்கள் அறியாததல்ல. 54 டிகிரிச் சரிவில் ஏறிய சுவர், பாதி உயரம் வருவதற்குள் 43 டிகிரிக்கு மடங்குகிறது. உள்ளே அறைகளில் விரிசல் விட்டிருக்கிறது. முட்டுக்கொடுத்த தேவதாரு உத்தரங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. அதன் பிறகு அதே மன்னருக்குக் கட்டிய சிவப்புப் பிரமிடு அடியிலிருந்தே ஏறத்தாழ 43 டிகிரிதான். பட்டுத் தெரிந்துகொண்டு கட்டியவர்களின் வேலை அது. விண்ணிலிருந்து வந்தவர்களுக்கு எதற்கு முட்டு?

துபாயில் வேலை பார்க்கும் என் மகன் 2022-இல் என்னை எகிப்தின் சக்காராவுக்கு அழைத்துப்போனான். ஸ்னெஃப்ருவுக்கும் முன்பு, கி.மு. 27-ஆம் நூற்றாண்டில் ஜோசர் மன்னருக்காக எழுந்த படிப் பிரமிடு அங்கே இருக்கிறது. முதலில் தட்டையான கல்லறை மேடை. அதைச் சுற்றி அகலப்படுத்தி, மேலே நான்கு படியாக்கி, கடைசியில் ஆறு படியாக, சுமார் 60 மீட்டருக்கு உயர்த்தியிருக்கிறார்கள். வரிசைக் கற்கள் உட்புறமாகச் சாய்ந்திருப்பதைக் கையால் தடவிப் பார்த்தேன். எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் நான் கட்டிய தடுப்புச் சுவர் ஒரு மழையில் வயிறு தள்ளியது. அடுத்த சுவரில் கல்லை உட்சாய்வாக வைத்தேன். அந்தப் பாடம் அங்கே கல்லில் இருந்தது.

நுழைவாயிலில் 40 தூண்கள். நாணலைக் கட்டாகக் கட்டியதுபோல் செதுக்கியிருக்கிறார்கள், ஆனால் ஒன்றும் தனித்து நிற்கவில்லை. ஒவ்வொன்றும் பக்கச் சுவரோடு ஒட்டியிருக்கிறது. கல் தூண் தனியாக நிற்கும் என்ற தைரியம் இன்னும் வரவில்லை. மேலே கூரைக் கற்கள் பனந்தடி வரிசைபோல் உருண்டையாக இருக்கின்றன. மரத்திலும் நாணலிலும் வேலை பார்த்துப் பழகிய கை முதல்முதலாகக் கல்லைத் தொட்ட இடம் அது. பேச்சு வராமல் நின்றேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பகுதியில், அடிமைகளைச் சாட்டையால் அடித்துக் கட்டியதாக எழுதினீர்கள். கிசாவில் 1990 முதல் தோண்டப்பட்ட தொழிலாளர் கல்லறைகளைப் பற்றியும், முறிந்து பின் வைத்தியத்தால் கூடிய எலும்புகளைப் பற்றியும் அன்றே எழுதினேன். பாதியை வெட்டிவிட்டுப் பிரசுரித்தீர்கள். செங்கடற்கரையில் 2013-இல் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களில், மெரர் என்ற மேற்பார்வையாளர் தம் ஆட்களுடன் தூரா கல்குவாரியிலிருந்து கிசாவில் கூஃபு மன்னரின் பெரிய பிரமிடுக்குச் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றிவந்த நாட்குறிப்பு இருக்கிறது. அதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு வரி நான் பார்த்ததில்லை. அன்று அடிமை, இன்று வேற்றுக்கிரகவாசி. வேலை தெரிந்த மனிதன் மட்டும் வரவே மாட்டானா?

ஜோசரின் சிலைப் பீடத்தில், படிப் பிரமிடை வடிவமைத்தவராகச் சொல்லப்படும் இம்ஹோதெப்பின் பெயரும் இருக்கிறது. நான் 14 மாதம் உழைத்த ஒரு திருமண மண்டபத்தின் திறப்பு விழாக் கல்வெட்டில் எங்களில் ஒருவர் பெயரும் இல்லை. அந்த வலியோடுதான் எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிறு, "படத்தில் இருப்பது தஹ்ஷூரின் வளைந்த பிரமிடு" என்று ஒரு வரித் திருத்தம் போட வேண்டுகிறேன். சக்காராவின் தூண்களை என் மகன் எடுத்த படம் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொத்தனார்,
புதுக்கோட்டை மாவட்டம்