துவக்கு வைத்திருப்போர் கவனத்திற்கு

உறவுகளே, மாரி தொடங்கிவிட்டது. பயிர்க்காவலுக்கு அனுமதிப்பத்திரத்துடன் துவக்கு வைத்திருப்போர் அதைத் துணி உறையில் போட்டு மூலையில் சாத்திவிடாதீர்கள். உறை ஈரத்தைப் பிடித்துவைக்கும். நமது உப்புக்காற்றில் குழல் விரைவில் துருப்பிடித்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லியதாக எண்ணெய் பூசி, அலுமாரியில் பூட்டிவையுங்கள். தோட்டாக்கள் வேறிடத்தில் இருக்கட்டும்.

சுடுமுன் துவக்கை மடித்துக் குழலை வெளிச்சத்தில் பாருங்கள்; குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். ‘போர்’ (bore) என்பது குழல்வாயின் அளவு; எண் கூடக்கூட அளவு சிறுக்கும். அதனால் 12 போர் துவக்கில் 20 போர் தோட்டா தவறி விழுந்தால் வழுக்கி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். காலியென்று நினைத்து இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும், கை போய்விடும். இரண்டையும் ஒரே பையில் வைக்கவே வேண்டாம்.

விலங்கு கம்பியில் இடறினால் தானாக வெடிக்கும்படி கட்டுத்துவக்கு கட்டுவதை என்னால் பொறுக்கவே முடியாது. அதற்குப் பன்றி எது, பிள்ளை எது என்று தெரியாது.

அனுமதிப்பத்திரத்தை டிசம்பர் 31க்கு முன் புதுப்பித்துவிடுங்கள்.