சூடமும் சாட்சிக்கூண்டும்: தோட்டக் கோயில் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் மாரியம்மன், முருகன், முனியாண்டி கோயில்களைப் பார்த்துக்கொள்ளும் தலைவர்மாருக்கும், செயலாளர், பொருளாளர், கமிட்டி அங்கத்தவர்களுக்கும்,

வணக்கம். மலையகத்து நீதிமன்றங்களில் 28 வருடம் உரைபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நீதிமன்றத்தைக் 'கோட்ஸ்' என்கிற எங்கள் ஆட்கள் என்னைக் 'கோட்ஸ் முதலியார்' என்பார்கள். தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் நீதவானுக்கும், சிங்களத்தில் கேட்டதைத் தமிழில் சாட்சிக்கும் மாற்றி மாற்றிச் சொல்லியே தொண்டை போனது. பிறந்தது லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில். அம்மா கொழுந்து எடுத்தவர். சித்திரைத் திருவிழாவில் கரகம் எடுத்திருக்கிறேன், தீயும் மிதித்திருக்கிறேன். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் எங்கள் வீட்டில் சோறு இறங்காது. சாமி இல்லை என்கிற ஆள் எழுதியது என்று இந்த மடலைத் தள்ளி வைத்துவிடாதீர்கள் என்பதற்காகத்தான் இதையெல்லாம் முதலிலேயே சொல்கிறேன்.

போன வருடம் ஒரு தோட்டத்தில் நடந்தது. எந்தத் தோட்டம் என்று எழுதப் போவதில்லை, படிக்கிற கமிட்டிக்குத் தெரியும். ஒரு சடங்கு வீட்டில் ஒன்றரைப் பவுண் சங்கிலி காணாமல் போனது. குசினியில் சட்டி பானை கழுவிய மூன்று பெண்கள் மேல் சந்தேகம். பொலிஸுக்குப் போக வேண்டாம், தோட்டத்துப் பேர் கெட்டுவிடும், வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மூன்று பேரும் அம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்று கமிட்டி முடிவெடுத்தது.

இரண்டு பேர் வந்தார்கள், அணைத்தார்கள், போனார்கள். மூன்றாவது பெண் வந்தாள், ஆனால் கோயிலுக்குள் ஏறவில்லை. கீழ்ப்படியில், தூறலில், கொங்காணியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். "ஏம்மா ஏறல?" என்று கேட்டார்கள். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டாள். "மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம்?" என்று ஒருவர் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தோடு தீர்ப்பு முடிந்தது. 15,000 ரூபாய் தண்டம்.

அவள் வீட்டுக்குத் தூரமாக இருந்த நாள் அது. அதைப் பன்னிரண்டு ஆண்களுக்கு முன்னால், அதில் ஒருவர் மாமனார், எப்படிச் சொல்வாள்? இரண்டு நாள் கழித்து என் மனைவியிடம் சொல்லி அழுதாள். தீட்டோடு உள்ளே ஏறியிருந்தால் அதுவே ஒரு குற்றம் என்று அவள் நம்புகிறாள், நீங்களும் நம்புகிறீர்கள். அவளுக்குச் சாமி பயம் இருந்ததால்தான் ஏறவில்லை. அந்தப் பயத்தையே நீங்கள் திருட்டுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டீர்கள்.

சங்கிலி இன்றுவரை கிடைக்கவில்லை. யார் எடுத்தார்கள் என்று எனக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

இனி நான் வேலை பார்த்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம். சாட்சிக்கூண்டில் ஏறுகிறவர் முதலில் உண்மை சொல்வதாக ஒப்புக்கொள்ள வேண்டும். 1895ஆம் ஆண்டு வந்த சத்தியங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. கிறிஸ்தவர்கள் வேதாகமத்தைத் தொட்டு ஆண்டவர் பெயரால் சத்தியம் செய்வார்கள். சைவர்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் கடவுள் பெயர் சொல்லாமல் உறுதியுரை செய்யலாம். முதல் நாள் அந்த வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தபோது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. நம் ஆட்களுக்கு உண்மை என்றால் சாமி, சாமி என்றால் உண்மை. சாமியே இல்லாத ஒரு வாசகம் அவர்கள் மனதில் எப்படி ஒட்டும்? கூண்டில் ஏறும்போது செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறிய கிழவிகளைப் பார்த்திருக்கிறேன். ஏதோ ஒரு திக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பேசத் தொடங்கியவர்களும் உண்டு. கட்டளைச் சட்டம் அதைக் கேட்கவில்லை, அவர்களாகவே கொண்டுவந்தார்கள்.

அதே சட்டத்தில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. கமிட்டிக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரிந்திருக்காது. சிவில் வழக்கொன்றில் ஒரு தரப்பு, "எதிராளி தன் சாமி முன்னால் சத்தியம் செய்தால் நான் அதற்குக் கட்டுப்படுகிறேன்" என்று சொல்லலாம். எதிராளியும் சம்மதித்தால் நீதிமன்றம் அந்தச் சத்தியத்துக்கு ஒழுங்கு செய்யும். செய்துவிட்டால் வழக்கே அதோடு தீர்ந்துவிடும். பழைய வழக்கறிக்கைகளைப் புரட்டினால் கோயிலிலும் தேவாலயத்திலும் செய்த இப்படிப்பட்ட சத்தியங்களைப் பற்றி எத்தனையோ தீர்ப்புகள் கிடைக்கும். ஆக, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டமே கோயில் வாசலை மதித்திருக்கிறது.

நானே ஒருமுறை அப்படிப் போயிருக்கிறேன். கைமாற்றுக் காசு வழக்கு. வாங்கவே இல்லை என்றார் பிரதிவாதி. அவர் குலசாமி முன்னால் சத்தியம் செய்யட்டும், வழக்கை விட்டுவிடுகிறேன் என்றார் வழக்காளி. பிரதிவாதியின் சட்டத்தரணி அவரை வெளியே கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வந்து சம்மதம் என்றார்கள். சனிக்கிழமை காலை கோயிலுக்குப் போனோம். பூசாரி சூடத்தை ஏற்றி வைத்திருந்தார். பிரதிவாதி செருப்பைக் கழற்றினார், பைப்பில் கால் கழுவினார், துண்டை இடுப்பில் கட்டினார். அங்கேயே நின்றார். சூடம் எரிந்து தட்டில் கரி பிடிக்கிற வரைக்கும் நின்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "வேணாங்கையா, குடுத்துர்றேன்" என்றார். ஆறு தவணையில் கொடுத்து முடித்தார்.

ஆகவே நம்பிக்கை மனிதனை உண்மையின் பக்கம் இழுக்காது என்று நான் சொல்லவே மாட்டேன். கண்ணால் பார்த்தவன். ஆனால் அந்தச் சத்தியத்துக்குச் சட்டம் போட்ட வேலியையும் பாருங்கள். அது சிவில் வழக்குக்கு மட்டும், திருட்டு, அடிதடிக்குக் கிடையாது. மாட்டேன் என்பவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. நீதிக்கும் கண்ணியத்துக்கும் ஒவ்வாத சத்தியமாக இருக்கக் கூடாது. மூன்றாம் ஆளைப் பாதிக்கிற மாதிரியும் இருக்கக் கூடாது. பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணு என்று நம் ஊரில் சொல்கிறோமே, அது அந்தக் கடைசி வேலியிலேயே மாட்டிக்கொள்ளும்.

உங்கள் வெள்ளிக்கிழமைச் சத்தியத்தில் இந்த வேலிகளில் எது இருந்தது?

ஒன்று சொல்லட்டுமா. சூடம் அணைப்பது ஒரு கைப்பழக்கம். உள்ளங்கையை டக்கென்று வைத்து எடுத்தால் சுடாது. பழகியவனுக்குத் தெரியும். மனைவியை அடிக்கவே இல்லை என்று கமிட்டி முன்னால் சூடம் அணைத்துவிட்டு வந்த ஒருவருடைய வழக்கில் நான் உரைபெயர்த்திருக்கிறேன். கமிட்டி மூன்று தடவை அந்தப் பெண்ணைச் சமாதானம் பண்ணி அனுப்பியிருந்தது. நாலாவது தடவை ஆஸ்பத்திரி. வைத்திய அறிக்கையில் இருந்த ஒவ்வொரு காயத்தையும் தமிழில் அவளுக்கே நான் வாசித்துக்காட்ட வேண்டியிருந்தது. 'ஏன் முதலிலேயே முறைப்பாடு செய்யவில்லை?' என்று கேட்கப்பட்டபோது, "சாமி முன்னால அவர் சொன்னப்புறம் நான் என்னத்தச் சொல்ல?" என்றாள். இந்த ஒரு வரியைச் சிங்களத்தில் சொல்வதற்குள் எனக்கு நாக்கு குழறியது.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இப்படிப்பட்ட பெண்ணுக்காகத்தான் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவளே போக முடியாவிட்டால் அவளுக்காக ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் விண்ணப்பிக்கலாம். 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை, விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரைக்கும் பாதுகாப்பு. இதை வாங்குவதற்கு அவள் கணவனைச் சிறைக்கு அனுப்ப வேண்டியதில்லை, விவாகரத்தும் கேட்க வேண்டியதில்லை. எத்தனை கமிட்டி இதை அவளிடம் சொல்லியிருக்கும்?

சரி, ஆட்கள் ஏன் கோயிலுக்கு வருகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கோட்ஸுக்குப் போனால் பஸ் காசு, அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும், தவணைக்கு மேல் தவணை, சட்டத்தரணிக்குக் காசு. அங்கே பேசுவது முக்கால்வாசி சிங்களம். பொலிஸ் கொப்பியில் என்ன எழுதினார்கள் என்று தெரியாமலே கையெழுத்து வைத்தவர்கள் எத்தனை பேர்! கோயிலிலோ தன் மொழி, தன் ஆட்கள், அன்றைக்கே முடிவு. நீதிமன்றத்துக்காகப் பரிந்து பேச நான் வரவில்லை, அங்கே என் காதால் கேட்டதெல்லாம் எழுதினால் இன்னொரு மடல் வேண்டும். ஆனால் இடையில் மத்தியஸ்த சபை என்று ஒன்று இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி வந்தது. சட்டத்தரணி இல்லை, கட்டணம் இல்லை, சத்தியமும் இல்லை, சம்மதிக்காவிட்டால் எழுந்து வரலாம். கடன், எல்லைத் தகராறு, வாய்ச்சண்டை எல்லாம் அங்கே போகட்டுமே.

கோயில் நம் சனங்களுக்குச் சட்டத்தை வாங்கிக்கொடுத்த காலமும் உண்டு. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கி வெளியே தள்ளியது. 1986 தைப்பொங்கலன்று தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் பிரார்த்தனை இயக்கம் தொடங்கினார். அப்போது அவரே அமைச்சரவையில் இருந்தார் என்பது தனி வேடிக்கை. வேலைநிறுத்தம் என்ற பேச்சே இல்லை. காலையில் உட்கார்ந்து நாட்டின் சமாதானத்துக்குக் கும்பிடுவது, அதற்குப் பிறகுதான் மலைக்கு வேலைக்குப் போவது. சாமி கும்பிடுகிறவனைத் தோட்டத்தை நடத்துகிற தொரை என்ன செய்வார்? அந்த வருடமே, நாடற்றவர்களாக மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அப்பா அந்தக் காகிதத்தை அம்மன் படத்துக்குப் பின்னால்தான் சொருகி வைத்திருந்தார். அன்றைக்கு அந்தக் கோயில் வாசலில் உட்கார்ந்தவர்கள் சட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள், உள்ளே போகக் கேட்டார்கள். இப்போது அதே வாசலில் வைத்து, உள்ளே போகக் கூடிய ஒருத்தியை 'போகாதே' என்கிறோம்.

அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. எங்கேயாவது கோயில் காணியில் பிரச்சினை வந்தால் நாம் உடனே 10ஆம் உறுப்புரையைக் காட்டுகிறோம், ஒவ்வோர் ஆளுக்கும் மனச்சாட்சிச் சுதந்திரமும் மதச் சுதந்திரமும் உண்டு என்று. நியாயமான பேச்சு. படியில் நின்ற பெண்ணும் ஓர் ஆள்தான். கமிட்டி அரசாங்கம் இல்லை, ஆகவே அவள் உங்கள் மேல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட முடியாது. அந்தத் தைரியத்தில் இருக்காதீர்கள். தண்டம் அறவிட எந்தச் சட்டமும் உங்களுக்கு அதிகாரம் தரவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. தானாக வந்து சூடம் அணைக்கிறேன் என்பவரைத் தடுக்க வேண்டாம், அது அவருக்கும் சாமிக்கும் உள்ள கணக்கு. ஆனால் கமிட்டி பெயரில் யாரையும் சத்தியத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்துங்கள். அடி வாங்கி வந்த பெண்ணுக்குத் திருநீறு பூசுங்கள், நல்லது, பூசிவிட்டு இரண்டு பேர் கூடவே பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். கல்யாணம் பேச வருகிறவர்களிடம் பதிவு வைத்தாயிற்றா என்று கேளுங்கள். நமக்கு யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமையும் இல்லை, கண்டிச் சிங்களவரின் கண்டியச் சட்டமும் இல்லை, பொதுச் சட்டம்தான். பதியாத கல்யாணம் செல்லாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் புருஷன் செத்த பிறகு அவனுடைய ஊழியர் சேமலாப நிதிக் காசுக்காக அதை நிரூபிக்க அலைகிற பாடு பெண்ணுக்குத்தான். இன்னொன்று, கமிட்டியில் இரண்டு பெண்களாவது இருந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமை ஒருத்தி இறங்கிப்போய் அவள் காதில் கேட்டிருப்பாள்.

கடைசியாக அந்த 15,000 ரூபாய். ஐந்து மாதத் தவணையாகக் கட்டினாள். பற்றுச்சீட்டுகளை என் மனைவியிடம் காட்டினாள், ஐந்திலும் 'திருவிழா உபயம்' என்று எழுதியிருக்கிறது. தண்டம் என்று எழுத உங்கள் பொருளாளருக்கே கை வரவில்லை போலிருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் இந்த மடலை வாசித்துவிட்டு, அந்தக் காசை அவள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். கோயிலுக்கு வரச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்